தீப்பெட்டியைக் கற்றுவந்த அய்ய நாடார்

நம் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் கேஸ் லைட்டர் இருக்கிறது. ஆனாலும் பூஜை அலமாரியைத் திறந்து பாருங்கள், ஒரு தீப்பெட்டி இருக்கும். கரண்ட் போனால் மெழுகுவர்த்தியோடு அதைத்தான் தேடுவீர்கள். அந்தப் பெட்டி சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் செய்யப்பட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இந்தத் தொழில் நம் பக்கம் வந்ததற்குக் காரணமானவர்களில் ஒருவரைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். கல்லூரிப் பெயர்ப் பலகையில் அவர் பெயரை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள்.

பொ. அய்ய நாடார் 1905-ல் பிறந்தவர். அந்தக் காலத்துச் சிவகாசியை நீங்கள் மனதில் கொண்டுவர வேண்டுமானால் முதலில் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மானாவாரிக் கரிசல் பூமி, மழை பொய்த்தால் வேலை இல்லை. வியாபாரிகள் இருந்தார்கள், ஆலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ரயில்கூட ஊருக்குள் வரவில்லை. ரயிலேற சாத்தூருக்கோ அப்போதைய விருதுபட்டிக்கோதான் போக வேண்டும்.

1922-ல் அய்ய நாடாரும் அவருடைய உறவுமுறைச் சகோதரர் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். அய்ய நாடாருக்கு அப்போது வயது பதினேழுதான். இன்று அந்த வயதுப் பிள்ளையைத் தனியாகச் சென்னைக்கு அனுப்பவே நாம் இரண்டு முறை யோசிக்கிறோம்! சுதேசி இயக்கத்தின் சூட்டில் வங்காளத்தில் சிறு சிறு தீப்பெட்டித் தொழிற்சாலைகள் முளைத்திருந்தன. இருவரும் சில மாதங்கள் அங்கே தங்கி, மருந்து கலப்பது முதல் பெட்டி ஒட்டுவது வரை வேலையாகவே கற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் போன வருடத்தையும் கவனியுங்கள். அதுவரை நம் நாட்டுக்குத் தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922-ல்தான் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. கஜானாவை நிரப்பப் போட்ட வரி அது. உள்ளூர்த் தொழிலை வளர்க்கும் எண்ணம் அதில் பெரிதாக இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறியதும் உள்ளூர்க்காரனுக்கு ஒரு கதவு திறந்தது. ஸ்வீடன் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. வரியைத் தாண்ட 1923-ல் விம்கோ என்ற பெயரில் இங்கேயே கம்பெனி தொடங்கிவிட்டது. பெரிய மூலதனம், பெரிய இயந்திரங்கள்.

அதே 1923-ல் நம் இருவரும் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். முதலில் ஜெர்மனி இயந்திரங்களை வரவழைத்தார்கள். பிறகு செய்ததைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்: இயந்திரத்தை விட்டுவிட்டுக் கைக்கு மாறினார்கள். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவது, மருந்தில் முக்குவது, உலர்த்துவது, பெட்டி ஒட்டுவது என்று வேலையைப் பிரித்தால், பாதி வேலையை வீட்டுத் திண்ணையிலேயே முடித்துவிடலாம். உலர்த்துவதற்கு நம் வெயிலை விடச் சிறந்த இயந்திரம் எது? மழையில்லாத ஊர் என்ற குறையே தொழிலுக்கு வசதியாகிவிட்டது. இன்று புதுமை என்றாலே புது இயந்திரம் என்று நினைக்கிறோம். இங்கே புதுமை, இருந்த இயந்திரத்தை ஓரம் கட்டியதில் இருந்தது.

தொழில் ஓரிடத்தில் நிற்கவில்லை. பார்த்தவர்கள் கற்றார்கள், கற்றவர்கள் தனியாகத் தொடங்கினார்கள். சகோதரர்கள் இருவரும்கூடப் பிரிந்து தனித்தனியாக நடத்தினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதற்கு அச்சகம் வந்தது. தீக்குச்சி மருந்தில் கைபழகியவர்கள் மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் போனார்கள். 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமான பிறகு பட்டாசு முறையான தொழிலானது. பின்னாளில் உற்பத்தி அளவைப் பார்த்துச் சிறிய தீப்பெட்டி ஆலைகளுக்குக் குறைந்த கலால் வரி விதித்தார்கள். விம்கோ போன்ற பெரிய கம்பெனியோடு சின்ன முதலாளிகள் போட்டி போட முடிந்ததற்கு அது பெரிய துணை. பெரிதாக வளர்ந்தால் வரி கூடும் என்று பலர் சிறியதாகவே இருந்துவிட்டதும் அதனால்தான்.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கை வேலை என்றால் யாருடைய கை? பெண்களுடையது, நெடுங்காலம் குழந்தைகளுடையதும். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்தது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பட்டாசு ஆலை விபத்துச் செய்திகள் இன்றும் நின்றபாடில்லை. இவ்வளவு பேருக்குச் சோறு போட்ட தொழில் என்று பெருமைப்படும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு மனிதர் தலையில் ஏற்ற முடியாது. அவர் காலத்து முதலாளிகள் எவரும் இதற்கு வெளியே இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

அரசும் தொழிலும் ஒன்றையொன்று இழுப்பது இன்னும் நடக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே என்று சொன்னபோது, அதற்கான கலவையை உருவாக்கித் தந்தது நாக்பூரில் உள்ள நீரி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம். அன்று கற்கக் கல்கத்தா, இன்று நாக்பூர். 2023-ல் மத்திய அரசு இருபது ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்குத் தடை போட்டதே, நினைவிருக்கிறதா? தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் விடாமல் கேட்டு வந்தது அது. 1922-ல் தற்செயலாகக் கிடைத்த பாதுகாப்பு, நூறு வருடம் கழித்துக் கேட்டுப் பெற வேண்டியதாகிவிட்டது.

அய்ய நாடார் 1982-ல் காலமானார். பதினேழு வயதில் படிப்புக்காக இல்லாமல் தொழிலுக்காக ஊரை விட்டுப் போனவர், 1963-ல் சிவகாசியில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். தன் பெயரோடு மனைவி ஜானகி அம்மாள் பெயரையும் சேர்த்தே அதற்கு வைத்தார். தீப்பெட்டி ஒட்டிய வீடுகளின் பிள்ளைகள் பலர் அங்கேதான் பட்டம் வாங்கினார்கள். நம் பிளாக்குகளில் விசாரித்தாலே அங்கே படித்தவர்கள் சிலர் கிடைப்பார்கள்.