எப்ரேம் அடிகளார்
சென்னைக் கோட்டையின் முதல் பங்குக்குரு

செவ்வாய்க்கிழமை தோறும் நம் கோவிலம்பாக்கத்திலிருந்தும் சிலர் பரங்கிமலை சென்று, மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, பாரிமுனை அந்தோணியார் திருத்தலத்துக்குப் போய் வருகிறார்கள். அரண்மனைக்காரன் தெரு என்று நம் மக்கள் வழங்கும் அர்மீனியன் தெருவில் உள்ள அவ்வாலய வாயிலில் 1642 என்னும் ஆண்டு காணப்படும். அந்த ஆண்டுக்குரிய மனிதரைப் பற்றி நம்மில் பலர் அறியோம். நம் பங்கு விழாக் கொண்டாடும் இவ்வேளையில் அவரை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

வழிப்போக்கராய் வந்தவர்

எப்ரேம் தெ நெவேர் அடிகளார் பிரான்சு நாட்டவர். புனித பிரான்சிஸ்கு அசிசியாரைப் பின்பற்றும் கப்புச்சின் சபைக் குரு. சூரத் நகரில் இருந்த தம் சபையாரை விட்டு, பர்மாவைச் சேர்ந்த பெகு நாட்டில் வேதம் போதிக்கப் புறப்பட்டார். வழியில் கோல்கொண்டாவில் தங்கினார். கணிதத்திலும் மொழிகளிலும் அவருக்கிருந்த புலமையைக் கண்டு வியந்த அரச குடும்பத்தார் ஒருவர், வீடும் கோவிலும் கட்டித் தருவதாகக் கூறி அவரை அங்கேயே இருத்திக்கொள்ள முயன்றார் என்று, அந்நாளில் இந்தியாவில் பயணம் செய்த தவேர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் எழுதி வைத்திருக்கிறார். அடிகளார் இணங்கவில்லை. மசூலிப்பட்டினம் சென்றார், பெகுவுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. இவ்வாறு 1642-இல் சென்னை வந்து சேர்ந்தார்.

அப்போது சென்னைக்கு மூன்று வயது. 1639 ஆகஸ்டில் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் பிரான்சிஸ் டே அனுமதி பெற்றிருந்தார். மறு ஆண்டு அவரும் ஆண்ட்ரூ கோகனும் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். கோட்டைக்கு ஆள் தேவைப்பட்டது; ஆங்கிலேயர் மிகச் சிலரே. ஆகவே சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியக் குடும்பங்களும், அவர்களது கலப்பினச் சந்ததியாரும் வரவேற்கப்பட்டனர். படைவீரரில் பெரும்பகுதி இவர்களே. இவர்கள் கத்தோலிக்கர். திருப்பலிக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஒவ்வொரு முறையும் சாந்தோமுக்குப் போனால், அங்குள்ள போர்த்துக்கீசியரின் செல்வாக்கு இவர்கள் மேல் தொடரும் என்று கும்பெனியார் அஞ்சினர். புரொட்டஸ்டாண்டு ஆங்கிலேயர் ஒரு கத்தோலிக்கக் குருவை வேண்டித் தங்க வைத்ததன் காரணம் இதுவே.

அவர்கள் எண்ணியது அரசியல். அடிகளார் எண்ணியது மேய்ப்பனில்லாத மந்தை. பெகு பயணத்தைக் கைவிட்டார். விசுவாசப் பரப்புதல் சபை அதே ஆண்டில் சென்னையைக் கப்புச்சின் மறைபரப்புத் தளமாக நிறுவியது. கோட்டைக்குள் புனித பெலவேந்திரர் பெயரால் சிறு கோவில் எழுந்தது. தம் இல்லத்தில் ஒரு பள்ளி தொடங்கி, ஆங்கிலேய, போர்த்துக்கீசிய, கலப்பினச் சிறுவருக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். சென்னையில் மேனாட்டு முறைக் கல்விக்கு இதுவே தொடக்கம் என்பர்.

கோவாச் சிறை

இந்தப் பணி சாந்தோமில் பிடிக்கவில்லை. 1606 முதல் மயிலாப்பூர் ஒரு மறைமாவட்டமாய் இருந்தது. பதுரவாதோ உரிமையின்படி இக்கரை முழுவதிலும் குருக்களை நியமிப்பது போர்த்துக்கல் அரசரின் பொறுப்பு. உரோமையின் நேரடி அனுமதியுடன் பிரெஞ்சுக் குரு ஒருவர் சில கல் தொலைவில் பணிபுரிவதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

1649-இல் ஒரு பிணக்கைத் தீர்த்து வைக்குமாறு அடிகளாரைச் சாந்தோமுக்கு அழைத்தார்கள். சமாதானம் செய்யச் சென்றவரை விசாரணைச் சபையின் ஆட்கள் பிடித்து, விலங்கிட்டு, கப்பலில் கோவாவுக்கு அனுப்பினர். விசுவாசத்துக்கு முரணாகப் போதித்தார் என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்டார்.

செய்தி அறிந்த சென்னை ஆங்கிலேயர் பதிலுக்குச் சாந்தோம் குரு ஒருவரைப் பிடித்து வைத்தனர். அப்போது இப்பகுதி கோல்கொண்டா ஆட்சியின் கீழ் வந்திருந்தது. கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லாவும் சாந்தோமை நெருக்கினார் என்று தவேர்னியே கூறுகிறார். இவ்வாறு ஒரு கத்தோலிக்கக் குருவைக் கத்தோலிக்கரின் சிறையிலிருந்து மீட்க ஆங்கிலேயரும் இஸ்லாமியரும் முன்வந்த விந்தையைச் சரித்திரம் கண்டது. 1651-இல் விடுதலை கிடைத்தது. ஆனால் சிறைக்கதவு திறந்த பின்னும் அடிகளார் உடனே வெளியேறவில்லையாம். கோவாவின் துறவியர் பவனியாய் வந்து அழைத்த பிறகே வெளிவந்தார் என்பது அவ்வணிகர் தரும் செய்தி. தாம் குற்றவாளி அல்ல என்பதை ஊரறியச் செய்யவே அவர் அவ்வாறு காத்திருந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்த மேய்ப்பர்

இவ்வளவு பட்டவர் தாயகம் திரும்பியிருந்தால் யார் குறை சொல்வார்? அடிகளார் சென்னைக்கே வந்தார். விட்ட இடத்தில் பணியைத் தொடர்ந்தார். சூரத்திலிருந்து வந்த சேனோ அடிகளார் அவருக்குத் துணையானார். 1658-இல் கோட்டைக்கு வெளியே, இன்றைய அர்மீனியன் தெருவில், ஒரு சிற்றாலயம் எழுந்தது.

ஆங்கிலச் சபைப் போதகர்கள் அவர் செல்வாக்கைக் குறித்து இலண்டனுக்குப் புகார் எழுதினர். ஆயினும் 1675-இல் பெலவேந்திரர் கோவில் புதிதாய்க் கட்டி அர்ச்சிக்கப்பட்டபோது, கவர்னர் லாங்ஹார்ன் பீரங்கி முழக்கி மரியாதை செய்தார். அதற்காக மேலதிகாரிகளின் கண்டனத்தையும் பெற்றார். ஆங்கிலேயரின் சொந்தக் கோவிலான புனித மரியன்னை ஆலயம் கோட்டையில் அர்ச்சிக்கப்பட்டது 1680-இல்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இம்மண்ணில் உழைத்து, முதிர்ந்த வயதில், 1690-களில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

விதை விளைந்த விதம்

அவர் கட்டிய கோட்டைக் கோவில் இன்று இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749-இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கப்புச்சின் குருக்கள் பகைவருக்கு உதவினர் என்று ஐயுற்று அவர்களை வெளியேற்றினர், கோவிலும் இடிக்கப்பட்டது. வெள்ளையர் நகரில் இருந்தது மறைய, வெளியே எளியோர் நடுவில் ஊன்றியது நிலைத்தது. அர்மீனியன் தெரு ஆலயம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிதாகக் கட்டப்பட்டுப் பின்னாளில் பேராலயமாயிற்று.

இன்னொன்றும் நிகழ்ந்தது. 1952-இல் சென்னை உயர்மறைமாவட்டமும் மயிலாப்பூர் மறைமாவட்டமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. சாந்தோம் பேராலயமாகவும், அர்மீனியன் தெரு ஆலயம் இணைப் பேராலயமாகவும் ஆயின. எந்த இரு அதிகாரங்களின் பூசலில் அடிகளார் விலங்கு பூண்டாரோ, அவை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரே பேராயரின் கீழ் வந்தன. அவர் காண முயன்ற சமாதானம் அன்று கைகூடியது.

அன்பார்ந்த பங்குமக்களே! பல ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து இப்புறநகரில் குடியேறியவர்கள் நம்மில் பலர். எங்கோ போகப் புறப்பட்டு இங்கே தங்கிவிட்ட அடிகளாரும் நம்மைப் போன்றவரே. பூசல் வந்தபோது பொறுத்தார். காயப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார். அடுத்த முறை அர்மீனியன் தெரு வாயிலில் 1642 என்பதைக் காணும்போது, அவருக்காக ஒரு நிமிடம் நின்று இறைவனுக்கு நன்றி கூறுவோமாக!