கைகளைக் கழுவச் சொன்ன அன்னை



மொலோக்காய்த் தீவு என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுபவர் தமியான் அடிகளாராகவே இருப்பார். மறைக்கல்வி வகுப்பிலும் ஞாயிறு பிரசங்கத்திலும் அவரது வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தொழுநோயாளருடன் வாழ்ந்து, அந்நோய்க்கே ஆளாகி, 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி தமது 49ஆவது வயதில் உயிர்நீத்த தியாகி அவர். அவருடைய இறுதி நாட்களில் அதே தீவில் அவருக்குப் பணிவிடை செய்த ஒரு கன்னியரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரும் தொழுநோயாளர் நடுவிலேதான் வாழ்ந்தார். ஓராண்டல்ல, ஈராண்டல்ல, ஏறத்தாழ 35 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் அந்நோய் அவரை அண்டவில்லை. அவரோடு உழைத்த கன்னியருள் ஒருவரையேனும் அண்டவில்லை. அவர்தாம் அன்னை மரியான் கோப்.

1838ஆம் ஆண்டு தை மாதம் 23ஆம் திகதி ஜேர்மனி நாட்டில் ஹெப்பன்ஹைம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பார்பரா என்பது பெற்றோர் இட்ட பெயர். மறு ஆண்டே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூயோர்க் மாநிலத்து யூட்டிக்கா நகரில் குடியேறியது. தந்தை நோயுற்று உழைக்க இயலாதவரானதும், குடும்பப் பாரம் சிறுமி பார்பராவின் தோளில் விழுந்தது. பள்ளிப் படிப்பை விட்டு ஆலை வேலைக்குப் போனார். துறவற வாழ்வை நாடிய உள்ளம் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தது. 1862இல் தந்தை கண்மூடிய பின்னரே, சிரக்கியூஸ் நகரத்துப் புனித பிரான்சிஸ்கு மூன்றாம் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார்.

ஆசிரியராகத் தொடங்கிய அவரை இறைவன் வைத்தியசாலைப் பக்கம் திருப்பினார். 1866இல் யூட்டிக்காவிலும் 1869இல் சிரக்கியூசிலும் அவருடைய சபையார் வைத்தியசாலைகளை நிறுவியபோது அவர் முன்னின்று உழைத்தார். 1870 முதல் சிரக்கியூஸ் புனித சூசையப்பர் வைத்தியசாலையை நிர்வகித்தார். சாதி, சமயம், நிறம் பாராது எல்லோரையும் சேர்த்துக்கொண்டார். குடிகாரரையும் ஏற்றுப் பராமரித்ததற்காகப் பழிச்சொல்லும் கேட்டார்.

அக்காலத்து வைத்தியசாலைகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் நோய் பரவுகிறது என்பதை வைத்தியர் பலரே அன்று ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்ட கையாலேயே அடுத்தவரையும் தொடுவார்கள். அத்தகைய நாளில் இந்த அன்னை ஒரு சிறிய காரியத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். நோயாளியைத் தொடுபவர் கைகளைக் கழுவவேண்டும். இடமும் துணியும் துப்புரவாக இருக்கவேண்டும். இதில் அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1883ஆம் ஆண்டில், அவர் மாகாணத் தலைவியாக இருந்த காலத்தில், ஹவாய்த் தீவுகளிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே தொழுநோய் பரவியிருந்தது. 1866 முதல் நோயாளரைக் குடும்பத்தினின்றும் பிரித்து மொலோக்காய்த் தீவுக்கு அனுப்பிவந்தார்கள். அவர்களைப் பராமரிக்கக் கன்னியரை அனுப்புமாறு கேட்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட சபைகள் மறுத்துவிட்டன. மரியான் அன்னையோ மனமுவந்து இசைந்தார். சபையில் 35 கன்னியர் தாமாக முன்வந்தனர். அவர்களுள் ஆறு பேருடன் புறப்பட்டு, அவ்வாண்டு கார்த்திகை 8ஆம் திகதி ஹொனலூலுவை அடைந்தார். பணியை ஒழுங்குசெய்துவிட்டுத் திரும்புவதே அவர் எண்ணம். ஆனால் அவர் திரும்பவேயில்லை.

ககாக்கோ என்னும் இடத்து வைத்தியசாலையில் அவர்கள் கண்ட காட்சி நெஞ்சை உலுக்கியது. நூறு பேருக்குக் கட்டிய இடத்தில் இருநூறு பேருக்கும் மேல் அடைந்து கிடந்தார்கள். அழுக்கும் துர்நாற்றமும் நிறைந்திருந்தன. கன்னியர் முதலில் எடுத்தது துடைப்பமும் தண்ணீரும் சவர்க்காரமும்தான். அரசு நியமித்த நிர்வாகி நோயாளரைக் கொடுமைப்படுத்துவதைக் கண்டதும் அன்னை வாளாவிருக்கவில்லை. அவரை நீக்குங்கள், இல்லையேல் நாங்கள் ஊர் திரும்புகிறோம் என்று அரசுக்கு அறிவித்தார். நிர்வாகப் பொறுப்பு அன்னையிடமே ஒப்படைக்கப்பட்டது.

1888ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் லெயோபோல்டினா, வின்சென்சியா என்னும் இரு கன்னியருடன் அவர் மொலோக்காய்த் தீவின் கலௌபாப்பாவுக்குச் சென்றார். இளம் கன்னியான லெயோபோல்டினாவின் உள்ளத்தில், தனக்கும் இந்நோய் வருமோ என்ற ஏக்கம் இருந்தது. அன்னை அந்த அச்சத்தை விசுவாசக் குறைவென்று கண்டிக்கவில்லை. நம்முள் எவருக்கும் இந்நோய் வராது என்று உறுதி கூறினார். அந்த உறுதியை இறைவன் கையில் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவுமில்லை. துப்புரவு விதிகளை நாள்தோறும் கடைப்பிடிக்கச் செய்தார். மரணத் தறுவாயிலிருந்த தமியான் அடிகளாருக்கு, அவருடைய சிறுவர்களைத் தாம் பார்த்துக்கொள்வதாக வாக்களித்து, அதனையும் நிறைவேற்றினார். சிறுமியருக்கு அழகிய உடைகள் தைத்துக் கொடுத்தார். வெறுந்தரையில் மரங்களும் பூஞ்செடிகளும் நாட்டினார். 1918ஆம் ஆண்டு ஆவணி 9ஆம் திகதி, தமது 80ஆவது வயதில் அங்கேயே இறைபதம் அடைந்தார். பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2012ஆம் ஆண்டு ஐப்பசி 21ஆம் திகதி அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

வாசகரே, தமியான் அடிகளாரின் அன்பு பெரிதா, மரியான் அன்னையின் அன்பு பெரிதா என்று கேட்காதீர்கள். தமியான் தன்னந்தனியே போனார், தம்மையே கொடுத்தார். அன்னையோ பிறர் பெற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார். தம் உயிரைக் கொடுக்க ஒருவருக்கு உரிமையுண்டு. தம்மை நம்பி வந்தவர்களின் உயிரை அசட்டையாகச் செலவிட எவருக்கும் உரிமையில்லை. இதை அன்னை நன்கு உணர்ந்திருந்தார்.

தொழுநோய் எளிதில் தொற்றுவதல்ல என்பதும், பெரும்பாலான மனிதருக்கு அதனை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு என்பதும் இன்று நமக்குத் தெரியும். அன்னைக்கு அது தெரியாது. அதைக் குணமாக்கும் மருந்தும் அன்றில்லை. தெரியாத ஆபத்தின் முன்னே தம்மால் இயன்ற காவலை அவர் செய்தார் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபோது, முகக்கவசமும் கையுறையும் போதாமல் பல நாடுகளில் வைத்தியரும் தாதியரும் நோயுற்றனர், பலர் மாண்டனர். அவர்களைத் தியாகிகள் என்று போற்றினோம். போற்றியது சரியே. ஆனால் கையுறை கொடுக்கவேண்டிய இடத்தில் புகழ்மாலை கொடுப்பது போதுமா? பாவித்த ஊசி விரலில் குத்திவிடுமோ என்று அஞ்சும் தாதிக்கும், இரத்தம் தோய்ந்த துணியை அள்ளும் சிற்றூழியருக்கும் தேவையானதைக் கொடுப்பது தர்மமல்ல, கடமை.

பிலாத்து கைகளைக் கழுவினான். பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கழுவினான். இந்த அன்னையும் கழுவினார். பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கழுவினார். உங்கள் வீட்டிலும் ஒரு தாதி இருக்கலாம். இன்றிரவு செபமாலை சொல்லும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையை நடத்தும் பொறுப்பு உங்களுடையதாயின், செபத்தோடு நின்றுவிடாதீர்கள். நாளைக் காலை சென்று, விடுதியின் கைகழுவும் தொட்டியருகே சவர்க்காரம் இருக்கிறதா என்று பாருங்கள்.