தறிக்கு நினைவு தந்த ஜக்கார்டு

இளம்பிள்ளையிலோ இராசிபுரத்திலோ தறி ஓடும் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தவர்கள், சில தறிகளின் தலைக்கு மேலே ஒரு பெட்டியையும், அதிலிருந்து மாலை போலத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளையும் கண்டிருப்பார்கள். அப்பெட்டிக்கு ஜக்கார்டு என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன்!

ஜோசப் மரி ஜக்கார்டு 1752ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். தந்தை பட்டு நெசவாளர். தாயாரின் வேலை விந்தையானது. கட்டம் போட்ட தாளில் வரைந்த பூவேலையைப் பார்த்து, ஒவ்வோர் ஊடைக்கும் பாவில் எந்தெந்த நூல் எழவேண்டும் என்று படித்துச் சொல்வார். அதன்படி கட்டிய கயிறுகளைத் தறியருகே இருந்து இழுக்கச் சிறுவர்களை அமர்த்துவார்கள். நாள் முழுவதும் கை ஓயாமல் இழுக்கவேண்டும். ஒரு கயிறு தவறினாலும் பூ கெட்டுவிடும். சிறுவன் ஜோசப்பும் இவ்வேலையில் வாடினான் என்பர். பள்ளி செல்லும் பேறு அவனுக்குக் கிட்டவில்லை. அச்சகம் வைத்திருந்த சகோதரியின் கணவரே எழுத்தறிவித்தார்.

1762இல் தாயும், 1772இல் தந்தையும் இறந்தனர். தந்தை விட்டுச்சென்ற வீடும் தறிகளும் கடனில் போயின. 1778இல் கிளாடின் என்னும் பெண்ணை மணந்தார். ஒரே மகன் பிறந்தான். 1793இல் புரட்சிப் படை லியோனை முற்றுகையிட்டபோது நகரைக் காக்கப் போரிட்டவர்களுள் ஜக்கார்டும் ஒருவர். நகரம் வீழ்ந்ததும் மகனோடு தப்பியோடி வேறொரு படையில் சேர்ந்தார். அங்கே மகன் உயிரிழந்தான். தனியாக ஊர் திரும்பியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பலர் சோர்ந்து உட்கார்ந்துவிடும் அந்த வேளையில்தான் அவர் தறியைத் திருத்தத் தொடங்கினார்.

எல்லாம் அவர் மூளையிலேயே உதித்தது என்று எழுதுவது நியாயமாகாது. பூஷோன், ஃபால்கோன், வோக்கான்சான் ஆகியோர் முன்பே முயன்றவர்கள். வோக்கான்சானின் பழைய தறியைப் பாரிசில் ஆராய்ந்து, குறைகளை நீக்கி, 1804இல் ஜக்கார்டு தம் இயந்திரத்தை உருவாக்கினார்.

அது இயங்கும் விதம் எளியது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டை வந்து வரிசையான ஊசிகளின்மேல் அழுந்தும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துகொள்ளும். அதனோடு சேர்ந்த கொக்கி மேலே தூக்கப்பட்டுப் பாவு நூலும் எழும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னே தள்ளப்படும், கொக்கி விலகும், நூல் கீழேயே கிடக்கும். தாயார் வாயால் படித்துச் சொன்னதை மகன் அட்டையில் எழுதி வைத்துவிட்டார்!

1805இல் நெப்போலியன் இவ்வியந்திரத்தைப் பொதுச்சொத்தாக்கி, ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3000 பிராங்க் உதவித்தொகை வழங்கினார். ஆனால் லியோன் நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர், இயந்திரங்களை உடைத்தனர். கயிறு இழுத்த பிள்ளைகளுக்கு விடுதலைதான். அப்பிள்ளைகளின் கூலியை நம்பி அடுப்பெரித்த வீடுகள் என்ன செய்யும்? அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. எனினும் 1812க்குள் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின.

1834 ஆகஸ்டு 7ஆம் நாள் அவர் மறைந்தார். 1839இல் ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்திற்கு அவர் இந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் ஓட்டை அட்டைகளாலேயே எண்ணப்பட்டது.

இன்றைய கணினியிலும் நினைவு ஓரிடம், வேலை ஓரிடம். இரண்டையும் இணைக்க ஒரு வழி வேண்டும். ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்க முன்பு பட்டையான நாடாக் கம்பி இருந்தது. ஜக்கார்டின் ஊசிகளைப் போலவே அதில் செய்திகள் பக்கம் பக்கமாகச் சென்றன. 2003 முதல் வந்த சாட்டா என்னும் மெல்லிய கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. மின்சாரத்திற்கு வேறு கம்பி உண்டு. இப்போது கம்பியே இல்லாமல் பலகையிலேயே செருகும் வகையும் வந்துவிட்டது.

தறிகளிலும் மின்னணு ஜக்கார்டு புகுந்துவிட்டது. அதில் அட்டையும் ஊசியும் இல்லை. பூவேலை முழுவதும் விரலளவு பென்டிரைவில் வருகிறது; கொக்கிகளை மின்காந்தங்கள் ஆட்டுகின்றன. இனி அட்டைக்கு ஓட்டை அடித்துப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள் என்று, லியோன் நகரத்தார் அன்று கேட்டதை இங்கும் கேட்க வேண்டியிருக்கிறது.