சோதித்துப் பார்த்த சோப்ரா

நம் கல்லூரியில் சிவில் முடித்துவிட்டு, கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். கியூபை 28 நாள் தண்ணீரில் ஊற வைத்து, மிஷினில் ஏற்றி உடைத்து, தாங்கிய பளுவைக் குறித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. எந்தக் கம்பெனி சிமெண்ட் என்று மிஷின் கேட்பதில்லை. மருந்துச் செடிகளையும் அதே கண்ணோடு பார்த்த ஒரு மனிதரைப் பற்றி இந்த மலரில் நாலு வார்த்தை எழுத ஆசை. இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படும் சர் ராம்நாத் சோப்ராதான் அவர்.

1882-ல் குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூரில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், வால்டர் டிக்சன் என்ற அறிஞரிடம் மருந்தியல் கற்றார். 1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய் வந்தார். 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியரானார்.

அன்றைக்கு வயிற்றுப் பூச்சி சின்ன விஷயமில்லை. கொக்கிப்புழு குடலைக் கவ்வி ரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த கூலியாளால் மண்வெட்டியைத் தூக்க முடியாது. உருண்டைப்புழுவை வெளியேற்றும் சாண்டோனின், ரஷ்யத் துருக்கிஸ்தானில் விளைந்த செடியிலிருந்து வந்தது, விலையோ அதிகம். அமீபா சீதபேதிக்கு எமெட்டின் ஊசி. அதற்கான மூலச்செடி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. போதாததற்கு, அந்த மருந்து இதயத்தையும் பாதிக்கும்.

இதற்கெல்லாம் நம் மண்ணிலேயே மாற்று உண்டா என்று தேடினார் சோப்ரா. காஷ்மீர் மலைகளில் வளரும் ஆர்ட்டிமிசியா செடியில் கிடைக்கும் சாண்டோனினை ஆராய்ந்தார். சீதபேதிக்கு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வந்த குடசப்பாலைப் பட்டையை எடுத்துக்கொண்டார். அதன் ஆல்கலாய்டைப் பிரித்து, உடம்பில் அது என்ன செய்கிறது என்று பார்த்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனைக் குறித்தார். புழு மருந்துகளைப் பற்றி ஆசா சாண்ட்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானியோடு சேர்ந்து 1928-ல் ஒரு நூலே எழுதினார். 1933-ல் இந்தியாவின் நாட்டு மருந்துகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது.

அவருக்கு இரண்டு பக்கமும் இடி. மூலிகை என்றாலே குப்பை என்றது ஒரு கூட்டம். முன்னோர் சொன்னதைச் சோதிப்பதே அவமரியாதை என்றது இன்னொரு கூட்டம். சோப்ரா இரண்டிலும் சேரவில்லை. தேறிய செடியைத் தேறியது என்றார். தேறாததைத் தேறவில்லை என்றார். நல்ல மருந்து ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்த ஏழைக்குப் பலனில்லாத கஷாயத்தைக் கொடுத்தால், காசும் போச்சு, காலமும் போச்சு, புழு மட்டும் போகாது!

கடையில் விற்கும் மருந்தின் தரத்தையும் அவர் விடவில்லை. 1930-ல் அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஊர் ஊராகக் கலப்படத்தையும் மட்ட சரக்கையும் விசாரித்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. ஓய்வுக்குப் பிறகும் ஜம்மு-காஷ்மீரில் மூலிகை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1973-ல், 90 வயதில் மறைந்தார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். செடிச் சாற்றில் மண்புழுவைப் போட்டு, எத்தனை நிமிஷத்தில் அசைவு நின்றது, எப்போது செத்தது என்று பார்க்கும் பரிசோதனை பல ஆய்வகங்களில் நடக்கிறது. செலவு குறைவு, செய்வதும் சுலபம். ஆனால் மண்புழு குடலில் வாழும் பிராணி இல்லை. தட்டில் கொன்ற சாறு, வயிற்றுக்குள் போனதும் செரித்துப் போகலாம், நீர்த்துப் போகலாம், ரத்தத்தில் கலந்து நோயாளியையே படுத்தலாம். மருந்துக்கு முன்னும் பின்னும் மலத்தில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்தால்தான் பலன் தெரியும். எந்தச் செடி, எந்தப் பாகம், எங்கே எப்போது பறித்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

உங்கள் பிராஜெக்டில் ஒரு மூலிகை தோற்றுப் போனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். அதையும் அப்படியே பதிவு செய்யுங்கள். அடுத்த வருஷம் அதே செடியை எடுக்க நினைக்கும் ஒரு ஜூனியருக்கு ஆறு மாத உழைப்பு மிச்சமாகும்.