பேக்கர் துரையின் துவக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். அக்கரையில் இறங்கி மேற்கே செல்லச் செல்ல வயல் குறைந்து காடு மிகும். பிபிலை, நில்கலைப் பக்கத்தை அணுகுங்கால் காடும் விட்டு, மரங்கள் இடையிட்டு நிற்கும் பரந்த புற்றரை தோன்றும். பட்டிப்பளை ஆறு பாயும் அந்நிலத்தைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆங்கில வேட்டைக்காரர் பூங்கா நாடு என்று அழைத்தனர். அவருள் தலையாயவர் சேர் சாமுவேல் உவைற் பேக்கர். நுவரெலியாவுக்குச் செல்வோர் அவர் பெயரைப் பண்ணையிலும், ஓட்டன் சமவெளியில் அருவியிலும் கேட்டிருப்பர். நம் பகுதிக் காடுகளோடு அவருக்கிருந்த தொடர்பை அறிந்தவர் சிலரே.

தமிழ்ப் பண்டிதனுக்கு வேட்டைத் துவக்கோடு என்ன உறவு என வாசகர் வினவலாம். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூற்றிலிருந்து ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் பின்வாங்கில் இருக்கும் யாரேனும் ஒரு மாணவன் அது நடக்கக் கூடியதா என்று கேட்பான். அக்கேள்வியே என்னைப் பேக்கரின் நூல்களுக்கு இட்டுச் சென்றது.

பேக்கர் 1821ஆம் ஆண்டு யூன் 8ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் செல்வர், மொறீசியசில் கரும்புத் தோட்டமுடையவர். 1843இல் என்றியற்றா மார்ட்டின் என்னும் பெண்ணை மணந்து, மொறீசியசிற் சிலகாலம் தோட்டம் பார்த்து, அதில் மனம் ஒன்றாது 1846இல் வேட்டை கருதி இலங்கைக்கு வந்தார். காட்டுக் காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. உடல் தேற நுவரெலியாவுக்குச் சென்றவர் அம்மலைக் குளிரில் மயங்கி, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கத் துணிந்தார். 1848இல் கொல்லன், பண்ணைக் காரியத்தர், பசு, ஆட்டுக்கடா, வேட்டை நாய் என யாவற்றையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். அவருடைய குதிரைக்காரனோ வண்டியை மலைச்சரிவில் உருட்டிவிட்டான். அதனை மீட்கச் சென்ற யானையையும் ஓயாது விரட்டி ஓட்டிக் கொன்றான். உருளைக்கிழங்கைப் புழு தின்றது. பயிரை மரையும் பன்றியும் மேய்ந்தன. ஆயினும் ஏழாண்டு உறுதியாய் நின்றார். 1855இல் உடல் நலிந்து தாயகம் மீண்டார். அவ்வாண்டிலேயே மனைவியார் காலமானார்.

இவ்வெட்டாண்டு வேட்டையில் அவர் கைக்கொண்ட துவக்கே எனக்கு வியப்பூட்டுவது. 1840ஆம் ஆண்டளவில், இருபது வயது நிரம்பா இளைஞராயிருந்தபோதே, பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் தொழிலாளரிடம் தாமே அளவு சொல்லிச் செய்வித்தது அது. நிறை 21 இறாத்தல். குழல் நீளம் 36 அங்குலம். உள்ளே சுழன்று செல்லும் இரண்டு ஆழ்ந்த வரிப்பள்ளங்கள். ஒருமுறை சுடுதற்கு ஓர் அவுன்ஸ் வெடிமருந்து. உருண்டைக் குண்டு மூன்று அவுன்ஸ் நிறையும், கூர்ங்குண்டு நான்கு அவுன்ஸ் நிறையும் உடையன. அக்கால வேட்டைக்காரர் பலர் சிறுகுண்டும் சிறுமருந்தும் போதுமென்றிருந்தனர். மருந்து மிகுந்தாற் குண்டு தாழாது நேரே செல்லும், தூரத்தைக் கணிப்பதில் நேரும் பிழையும் அதனாற் குறையும் என்பது பேக்கர் கொள்கை.

இதனை விளங்கிக்கொள்ளக் குறிபார்த்தலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கண் நோக்கும் கோடு நேர்கோடு. குண்டு செல்லும் வழியோ வளைவு. வாயை விட்டகன்ற கணமே அது தாழத் தொடங்கும். இவ்விரண்டையும் ஏதேனும் ஒரு தூரத்திற் சந்திக்கச் செய்வதே துவக்கைக் குறிக்கு அமைத்தல். பேக்கர் காலத்தில் இது அரத்தினாலும் சுத்தியலாலும் நடந்தது. குண்டு இடப்புறம் விழுந்தால் பின்குறியை வலப்புறமாக மெல்லத் தட்டவேண்டும். தாழ விழுந்தால் முன்குறியை அராவிக் குறைக்கவேண்டும். அராவியதை மீளச் சேர்க்க இயலாதாகையால் அவசரக்காரனுக்கு அத்தொழில் ஆகாது.

குறிசுடும் விளையாட்டிற் பயின்ற என் பழைய மாணவர் ஒருவர் இக்காலத்து முறையை எனக்கு விளக்கினார். துவக்கின் மேல் தொலைநோக்கிக் குழல் பூட்டப்படுகிறது. மேலே ஒன்றும் பக்கத்தே ஒன்றுமாக இரு திருகுகுமிழ்கள். மேற்குமிழ் ஏற்ற இறக்கத்துக்கு; பக்கக்குமிழ் இடவலத்துக்கு. குழலிற் காணும் சிலுவைக்கோடு சாயாது நிற்கவேண்டும். சுடும்போது பின்னுதைத்துப் புருவத்தைக் கிழிக்காதபடி கண்ணுக்கும் குழலுக்கும் மூன்று நான்கு அங்குல இடைவெளி வேண்டும். துவக்கை மணல் மூட்டையில் அசையாது கிடத்தி, ஒரே புள்ளியை நோக்கி மூன்று முறை சுடுவர். ஒரு குண்டை நம்பித் திருகுதல் பேதைமை. மூன்றின் நடுவையே கணக்கிற் கொள்வர். குமிழ் ஒருமுறை சொடுக்கினால், பெரும்பாலான குழல்களில், 100 யார் தூரத்திற் கால் அங்குலம் நகரும். மூன்று அங்குலம் தாழ்ந்து இரண்டு அங்குலம் வலப்புறம் விழுந்திருப்பின், மேலே பன்னிரண்டு சொடுக்கு, இடப்புறம் எட்டுச் சொடுக்கு. அதே பிழை 50 யாரிற் கண்டதாயின் சொடுக்குகள் இருமடங்காகும். குறி ஒத்தபின், குமிழின் மூடியைத் தளர்த்திச் சுழியத்தில் நிறுத்தி இறுக்குவர். பின்னர் எத்தூரத்துக்கு எத்தனை சொடுக்கு ஏற்றினும், திரும்பி வருதற்கு ஒரு சுழியம் இருக்கும்.

அமெரிக்கரான உவில்லியம் மல்கம் இத்தகைய தொலைநோக்கிக் குழல்களைச் செய்து விற்கத் தொடங்கியது 1855இல். பேக்கர் இலங்கையை விட்டகன்ற அதே ஆண்டு. அக்குழல் கிடைத்திருப்பினும் யானை வேட்டைக்கு அவருக்குப் பயன்பட்டிராது. பத்தடி தூரம் வரை யானையை வரவிட்டு நெற்றியிற் சுடுவது அவர் வழக்கம். மின்னேரியாவிலே ஒரு நாள் குண்டெல்லாம் தீர்ந்துவிட, எருமையொன்று எதிர்த்து நின்றபோது, சட்டைப்பையிலிருந்த ஆறு பென்ஸ் வெள்ளிக்காசுகளைத் துணியிற் சுற்றித் துவக்கிற் செலுத்திச் சுட்டுத் தப்பிய கதையை அவரே எழுதியிருக்கிறார். ஓரியின் அம்பை ஐயுறும் என் மாணவர் இக்கதையை ஐயுறுவதில்லை!

அவர் வீரத்தை யான் மறுக்கவில்லை. ஆயினும் அவருடைய 1854ஆம் ஆண்டு வேட்டை நூலைப் படிக்கையில் ஒரு பக்கத்துக்குப் பின் மனம் கசந்துவிடுகிறது. யானைகள் எண்ணிக்கையாகவே அதில் விழுகின்றன. அக்காலம் அப்படிப்பட்டது, பயிரைக் காக்கவென்று அரசினரே யானைத் தலைக்குப் பரிசு கொடுத்தனர். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகள் கொல்லப்பட்டதாக எமேசன் தெனன்ற் கணக்குத் தருகிறார். 2011இல் இலங்கை முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் இருந்தவை 5879. குறி பிழைத்த குண்டின் வினையும் பெரிது. துரை கூடாரம் பிரித்துப் போய்விடுவார். காயம்பட்ட யானை சேனைக் குடிசைக்காரன் மேல் பழி தீர்க்கும். படுவான்கரையிற் கட்டுத்துவக்கிற் காயமுற்ற யானை இரவில் என்ன செய்யும் என்பதை அவ்வூரவரே அறிவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தடம் பார்த்து அவரை யானையிடம் அழைத்துச் சென்றவர்கள் நம் பக்கத்து முஸ்லிம் மக்களும் சிங்களவரும் வேடருமே. துவக்கின்றி, தோற்கயிறு ஒன்றே கொண்டு ஓடும் யானையின் பின்காலிற் சுருக்கிட்டு மரத்திற் கட்டும் திறலை அம்முஸ்லிம் மக்களிடம் கண்டு பேக்கரே வியந்தார். ஏறாவூர்ப் பணிக்கர்மாரின் புகழை நம்மூரார் இன்றும் பேசுவர். குறிதவறாமை கயிற்றுக்கும் உண்டு. அருவிக்குப் பெயர் வைத்தவர்கள் அக்கயிற்றுக்காரரை மறந்துவிட்டனர்.

இலங்கைக்குப் பிந்திய வாழ்வே பேக்கரை உலகறியச் செய்தது. 1859இல், இளவரசர் துலீப் சிங்குடன் தன்யூப் ஆற்றிற் பயணஞ் செய்தவர், விடின் நகரத்து அடிமைச் சந்தையில் விலைக்கு நின்ற புளோரன்ஸ் என்னும் இளம்பெண்ணை மீட்டார். அவ்வம்மையார் அவருடன் ஆபிரிக்கா முழுவதும் நடந்தார். 1864 மார்ச்சு 14இல் இருவரும் நைல் நதிக்கு நீரூட்டும் அல்பேட் ஏரியைக் கண்டனர். 1866இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் 1873 வரை எகிப்திய கெடிவின் ஆணையால், நைல் நதியின் மேற்புறத்தில் அடிமை வணிகத்தை ஒடுக்கும் படைக்குத் தலைமை தாங்கினார். மனிதர் விலங்கை உடைத்த அதே கை யானைக் கூட்டங்களை அழித்தது என்பதை யான் எவ்வளவு எண்ணியும் ஒன்றாகச் சேர்த்து விளங்கிக்கொள்ள முடியவில்லை.

முதுமையில் தென் இங்கிலாந்தின் நியூற்றன் அபற்றில் வாழ்ந்தார். 1890இல் காட்டுவிலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலிலும், பிறிஸ்டல் நகரில் வாலிபத்திற் செய்வித்த அந்தப் பழைய துவக்கின் அளவுகளை மறவாது குறித்தார். 1893 திசெம்பர் 30ஆந் திகதி அவ்வூரிலேயே காலமானார். புளோரன்ஸ் அம்மையார் 1916 வரை அவ்வீட்டில் வாழ்ந்தார்.