7 நாமினேஷன், 0 ஆஸ்கர்... ரிச்சர்ட் பர்ட்டன் மகா நடிகரா, வெறும் குரலா?

7 முறை ஆஸ்கருக்கு நாமினேட் ஆகி, ஒரு முறைகூட கையில் வாங்காதவர் ரிச்சர்ட் பர்ட்டன். மனுஷன் இறந்து 40 வருஷம் தாண்டிடுச்சு. ஆனாலும் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பழைய சினிமா பேசுகிற நாலு பேர் கூடிய இடத்தில் அவர் பேரை எடுத்துப் பாருங்க, சண்டை கேரன்ட்டி.

ஒரு கோஷ்டிக்கு அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்காகவே பிறந்தவர். லாரன்ஸ் ஒலிவியேவுக்கு அடுத்த நாற்காலி அவருக்குத்தான் போட்டு வெச்சிருந்தாங்க என்பார்கள். இன்னொரு கோஷ்டிக்கு அவர் ஒரு நல்ல மைக் செட், அவ்வளவுதான். குரலைக் கழிச்சுட்டா மிச்சம் மரக்கட்டை. மூணாவது கோஷ்டிதான் இருப்பதிலேயே பெருசு. திறமை இருந்துச்சு, ஆனா குடி, காசு, காதல்னு எல்லாத்தையும் தொலைச்சுட்டார் என்பது அவங்க தீர்ப்பு. எனக்கு இந்த மூணாவது தீர்ப்பு மேலதான் சந்தேகமே. ஏன்னு சொல்லணும்னா, முதல்ல வேல்ஸ் நாட்டின் ஒரு நிலக்கரி கிராமத்துக்குப் போகணும்.

1925 நவம்பர் 10-ம் தேதி, தெற்கு வேல்ஸில் உள்ள பான்ட்ரிடவென் கிராமத்தில் பிறந்தார். அப்போ அவர் பேர் ரிச்சர்ட் வால்டர் ஜென்கின்ஸ். 13 பிள்ளைகளில் 12-வது. அப்பா சுரங்கத் தொழிலாளி, குடி அதிகம். கடைசித் தம்பி பிறந்த கொஞ்ச நாளில் அம்மா இறந்துவிட, 2 வயசுகூட நிரம்பாத ரிச்சர்டைக் கல்யாணமான அக்கா சிசிலியா தூக்கிட்டுப் போய் வளர்த்தார். போர்ட் டால்பட் நகரத்தில், இரும்பாலைப் புகைக்கு நடுவில் வீடு. பேசுற மொழி வேல்ஷ். ஆமாங்க, பின்னாளில் உலகமே காது கொடுத்துக் கேட்ட அந்த ஆங்கிலம், அவருக்குத் தாய்மொழியே கிடையாது.

வீட்டுக் கஷ்டத்தில் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. உள்ளூர் கூட்டுறவுக் கடையில் துணி விற்கும் வேலை. அவரை மறுபடி பள்ளிக்குள் கொண்டு வந்து சேர்த்த பிறகு, முழுசா பொறுப்பெடுத்துக்கொண்டவர் பிலிப் பர்ட்டன் என்ற ஆசிரியர். நாடகப் பைத்தியம். பையனை மலைமேல் கூட்டிட்டுப் போய் ஷேக்ஸ்பியர் வசனம் பேசச் சொல்வார். பேசப் பேச இவர் தூரமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பார். கத்தக் கூடாது, ஆனா ஒவ்வொரு சொல்லும் அவர் நிற்கிற இடத்துக்குத் தெளிவா வந்து சேரணும். கடவுள் கொடுத்த குரல்னு புகழ்றவங்களும் சரி, வெறும் குரல்தானேன்னு இளக்காரமா பேசுறவங்களும் சரி, இந்த மலையை மறந்துடறாங்க. அது உழைச்சுச் செஞ்ச குரல்.

பையனைத் தத்தெடுக்கவும் பார்த்தார் வாத்தியார். ஆனா சட்டப்படி 2 பேருக்கும் 21 வயசு வித்தியாசம் இருக்கணும். 20 நாள் குறைஞ்சது! அதனால் தத்துக்குப் பதிலாகச் சட்டப்படியான பாதுகாவலர் ஆனார். 1943-ல் ஜென்கின்ஸ் பையன் ரிச்சர்ட் பர்ட்டன் ஆனது இப்படித்தான்.

விமானப்படைப் பயிற்சி மாணவனாக ஆக்ஸ்ஃபோர்டில் 6 மாதம். அந்தக் குறுகிய காலத்திலேயே அங்கே மேடை ஏறிவிட்டார். போர் முடிந்து வெளியே வந்ததும் நாடகம், சினிமான்னு வாய்ப்புகள். 1951-ல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் இளவரசர் ஹாலாக நடித்தபோது, லண்டனே பயந்த விமர்சகர் கென்னத் டைனன் அவரைத் தூக்கிவைத்து எழுதினார். பார்த்தவர்களை அசரவைத்தது குரல் மட்டும் இல்லை, அவர் அசையாமல் நின்ற விதம். மத்தவங்க மேடையில் நடமாடிக்கொண்டிருக்க, இவர் சும்மா நிற்பார். அரங்கமே இவரைத்தான் பார்க்கும். இந்த அசையாமையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி இதே விஷயத்துக்குத்தான் திட்டு வாங்கப்போறார்.

அடுத்து ஓல்டு விக் தியேட்டரில் ஹாம்லெட். ஒரு நாள் முன் வரிசையில் வின்ஸ்டன் சர்ச்சில் உட்கார்ந்து, வசனம் முழுக்க இவர்கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். இடைவேளையில் கிரீன் ரூமுக்கு வந்து, ஹாம்லெட் இளவரசரிடம் மரியாதையோடு பாத்ரூம் எங்கேன்னு கேட்டாராம். பர்ட்டனே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம், மனுஷன் கதை சொல்றதில் கில்லாடி.

சினிமாவில்தான் சிக்கல். 1953-ல் வந்த 'தி ரோப்', சினிமாஸ்கோப்பில் வெளியான முதல் படம். ஆஸ்கர் நாமினேஷனும் கிடைத்தது. ஆனா இன்னிக்குப் பார்த்தா, நேர்மையா சொல்றேன், கொட்டாவி வருது. கடைசி வரிசைக்குக் கேட்கணும்னு பழகின குரல், முகத்துக்குப் பக்கத்தில் கேமரா வந்த பிறகும் அதே கடைசி வரிசையைத் தேடுது. மேடையில் கம்பீரமா இருந்த அசையாமை, திரையில் விறைப்பா தெரியுது. 1955-ல் 'தி ரெய்ன்ஸ் ஆஃப் ராஞ்சிபூர்' படத்தில் இந்திய டாக்டராவே நடிச்சிருக்கார். அதைப் பத்திப் பேசாம இருப்பதே நல்லது. மரக்கட்டைக் கோஷ்டியின் ஆதாரமெல்லாம் இந்தக் காலத்துப் படங்கள்தான்.

அப்புறம் வந்தது 'கிளியோபாட்ரா'. ரோமில் ஷூட்டிங். 2 பேருக்குமே ஏற்கெனவே கல்யாணமாகியிருக்க, பர்ட்டனும் எலிசபெத் டெய்லரும் காதலில் விழ, உலகப் பத்திரிகைகள் மொத்தமும் அங்கே கூடாரம் போட்டன. வாட்டிகன் பத்திரிகைகூட கண்டிச்சு எழுதுச்சு. இந்தக் கிசுகிசுவில் ஒரு முக்கியமான விஷயம் அடிபட்டுப் போச்சு. டெய்லரோடு நடிக்கும்போது, இந்தப் பொண்ணு ஒண்ணுமே பண்ணலையேன்னு பர்ட்டன் நினைச்சிருக்கார். எடுத்த காட்சிகளைப் போட்டுக் காட்டினப்போதான் அவர் வாயடைச்சுப் போனார். கேமரா டெய்லரின் கண்ணில் இருந்ததெல்லாம் பிடிச்சிருந்துச்சு. சினிமா நடிப்பைத் தனக்குக் கத்துக்கொடுத்ததே டெய்லர்தான்னு கடைசி வரைக்கும் வெளிப்படையா சொன்னார். காதல் அவர் நடிப்பைக் கெடுத்துச்சுன்னு சொல்றவங்களுக்கு இது ஒண்ணே போதும்.

1964-ல் கல்யாணம். அதே வருஷம் பிராட்வேயில் மறுபடி ஹாம்லெட். இயக்கம் ஜான் கில்குட். ராஜா உடை எதுவும் கிடையாது, ஒத்திகைக்கு வந்த மாதிரி சாதாரணச் சட்டை. விமர்சனங்கள் ரெண்டா பிரிஞ்சன, டிக்கெட் மட்டும் பறந்துச்சு. 130-க்கும் மேற்பட்ட காட்சிகள். அந்த நாடகத்தைப் படம்பிடித்து 2 நாள் மட்டும் தியேட்டர்களில் காட்டி, பிரதிகளை அழிச்சுடணும்னு ஒப்பந்தம். பர்ட்டன் இறந்த பிறகு அவர் வீட்டில் ஒரு பிரதி கிடைத்ததால்தான், அன்னிக்கு யார் சொன்னது சரின்னு இன்னிக்கு நாமளே பார்த்துக்க முடியுது. நான் பார்த்த வரைக்கும், 2 தரப்பும் சரிதான். சில இடங்களில் வசனத்தை ரயில் வேகத்தில் ஓட்டுறார். சில இடங்களில் மூச்சு விட மறந்துடுவீங்க.

ஆனா, அவர் நடிகரா இல்லையான்னு முடிவு பண்ண நான் காட்டுவது 2 கறுப்பு வெள்ளைப் படங்களை. 1965-ல் வந்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு' படத்தில் களைச்சுப்போன பிரிட்டிஷ் உளவாளி அவர். கசங்கின கோட்டு, தூங்காத கண்ணு. இயக்குநர் மார்ட்டின் ரிட் அந்தப் புகழ்பெற்ற குரலை அடக்கி வாசிக்க வெச்சார். செட்டில் 2 பேருக்கும் உரசல்தான். படம் முழுக்க அடங்கியே பேசுறவர், கடைசிப் பக்கம் ஒரு காருக்குள்ள, உளவாளிங்கன்னா யார்னு கூட இருக்கிற பெண்ணிடம் வெடிக்கிறார். அதுவரைக்கும் சேர்த்துவெச்ச மௌனம்தான் அந்தக் காட்சியின் பலமே.

அடுத்த வருஷம் 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்?'. ஒரு ராத்திரி முழுக்க புருஷன் பொண்டாட்டி வார்த்தையாலேயே ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சுக்கிற படம். கண்ணாடியும் பழைய ஸ்வெட்டருமா, வேலையில் மேலே ஏறவே முடியாத ஒரு கல்லூரி ஆசிரியர் பர்ட்டன். மனைவியா டெய்லர் கத்தித் தீர்க்க, இவர் மென்று விழுங்கி, நேரம் பார்த்து மெதுவா ஊசி ஏத்துறார். மகாராஜா வேஷத்துக்குப் பிறந்தவர்னு சொன்ன ஆள், தோத்துப்போன ஒரு சாமானியனா மாறின இடம் இது. டெய்லருக்கு ஆஸ்கர் கிடைச்சது, இவருக்கு இல்லை. பால் ஸ்கோஃபீல்டு தட்டிட்டுப் போனார். ஆனா, இந்த 2 படத்துக்கும் சேர்த்து பர்ட்டனுக்கு பாஃப்டா கொடுத்தது பிரிட்டன்.

சரி, காசுக்காக நடிச்சாரா? நடிச்சார், அதில் ஒளிவுமறைவே இல்லை. வரிக்குப் பயந்து 1957-லேயே சுவிட்சர்லாந்தின் செலின்யி கிராமத்துக்குக் குடிபோனார். சொந்தக் கப்பல், டெய்லருக்கு 69.42 காரட் வைரம்னு ஊரே வாய்பிளக்கச் செலவு செஞ்சார். இன்னொரு பக்கம், வேல்ஸில் இருந்த அக்கா, அண்ணன்களுக்கெல்லாம் பணம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு காலத்தில் துணிக்கடை கவுன்டருக்குப் பின்னாடி நின்ன பையன் அவர். திறமையை வீணடிச்சுட்டார்னு வருத்தப்படுறவங்க பெரும்பாலும், ராத்திரி சாப்பாடு கிடைக்குமான்னு யோசிச்சே பழகாதவங்க. சம்பளம் வர்ற வேலையை வேண்டாம்னு சொல்றது, சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைக்கு அத்தனை சுலபமா வராது.

குடியை மட்டும் நான் நியாயப்படுத்த மாட்டேன். 70-களில் அது அவரை உருக்குலைச்சுது. 1974-ல் ஒரு படத்தை முடிச்ச கையோடு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாச்சு. அதே வருஷம் டெய்லரோடு விவாகரத்து, 1975-ல் மறுபடி அவரோடவே கல்யாணம், 1976-ல் மறுபடி பிரிவு. படங்களும் பெரும்பாலும் பார்க்கச் சகிக்காது. 1977-ஐ எடுத்துக்கோங்க. அந்த வருஷம் வந்த 'எக்ஸார்சிஸ்ட் 2', மோசமான படங்கள் பட்டியலில் தவறாம இடம் பிடிக்கும். அதே வருஷம்தான் 'எக்வஸ்'. மனநல மருத்துவரா, நேரா கேமராவைப் பார்த்துத் தன் வாழ்க்கை வறண்டுபோனதைச் சொல்ற காட்சிகளுக்காக கோல்டன் குளோப் வாங்கினார். 7-வது ஆஸ்கர் நாமினேஷனும் அதுதான். ஒரே ஆள், ஒரே வருஷம்!

அந்த டாக்டர் வேஷத்தைப் பிராட்வேயில் முதலில் போட்டவர் யார் தெரியுமா? 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' ஹானிபலாக நமக்கெல்லாம் தெரிந்த ஆன்டனி ஹாப்கின்ஸ். அவரும் போர்ட் டால்பட்காரர். சின்ன வயசில், ஊருக்கு வந்த பர்ட்டனைத் தேடிப் போய் ஆட்டோகிராஃப் வாங்கினவர். அந்த ஊர்ப் பையனுக்கு 2 ஆஸ்கர்.

பர்ட்டனைப் பத்தின ஆகக் கடுமையான விமர்சனம் எங்கே கிடைச்சதுன்னா, அவரோட டைரியில். குடும்பத்தார் ஸ்வான்சி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த அந்த டைரிகள் 2012-ல் புத்தகமா வந்தன. நடிப்பே சலிப்பா இருக்குன்னும், புத்தகமும் எழுத்தும்தான் தனக்கு உண்மையான சந்தோஷம்னும் பக்கம் பக்கமா எழுதிவெச்சிருக்கார். எவ்வளவு குடிச்சார், என்ன படிச்சார், யார் மேல எரிச்சல் எல்லாமே இருக்கு. வெளியே 3 கோஷ்டியும் அவருக்காக அடிச்சுக்கிட்டிருந்தப்போ, உள்ளே மனுஷன் வாசிக்கிறதுக்கு நல்ல புத்தகம் ஒண்ணு தேடிக்கிட்டிருந்தார்.

1984 ஆகஸ்ட் 5-ம் தேதி, மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். வயசு 58. செலின்யியில் அடக்கம். வேல்ஸின் நிறமான சிவப்பில் உடை, கூடவே டிலன் தாமஸின் கவிதைப் புத்தகம்.

அவர் நடித்த கடைசிப் படம், ஜார்ஜ் ஆர்வெல் நாவலை எடுத்த '1984', அவர் இறந்த பிறகு அக்டோபரில் வந்தது. அரசாங்கத்தின் சித்திரவதை அதிகாரி வேஷம். இந்த வேஷத்துக்கு எந்த நடிகரும் மிரட்டத்தான் நினைப்பார். பர்ட்டன் குரலை உயர்த்துறதே இல்லை. கட்டிப்போட்டிருக்கிறவன் பக்கத்தில் குனிந்து, மெதுவா படிக்கிற மாணவனுக்குப் பொறுமையா பாடம் நடத்துற வாத்தியார் மாதிரி பேசுறார். இந்த வீக் எண்டு நேரம் கிடைச்சா, அங்கிருந்தே ஆரம்பிங்க. ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க.