ஓவியர் பணிக்கர்

சாதக ஓலையைக் கையிலெடுப்போர் அதன் கட்டங்களுள் கோள்களின் நிலையையே தேடுவர். அக்கட்டங்களிலேயே ஓவியங் கண்டவர் கே. சி. எஸ். பணிக்கர்.

அவர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு இளமையிலேயே வந்துற்றமையால், தந்தித் துறையிலும் பின்னர்க் காப்பீட்டு நிறுவனத்திலும் பணி புரிந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தபோது அவருக்கு அகவை 25. தேவிபிரசாத் ராய் சௌதுரி அப்பொழுது அதன் தலைவர். அத்தலைமைப் பதவி 1957இல் பணிக்கரையே வந்தடைந்தது.

மேலைநாட்டு ஓவிய முறைகளை அவர் ஐயந்திரிபறக் கற்றிருந்தார். எனினும், இரவல் நகை எத்துணை ஒளிர்ந்தாலும் இரவலேயன்றோ! 1963 முதல் ‘சொற்களும் குறிகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தீட்டலானார். மலையாள எழுத்தையொத்த வரிகளும், சாதகக் கட்டங்களும், கணக்குக் குறிகளும் அவற்றில் நிறைந்துள்ளன. படிக்கப் புகுவார்க்கு அவ்வெழுத்துகள் பொருள் தாரா. காண்பார்க்கு வரியும் வண்ணமுமாய் விளங்கும். பழம்பொருளைப் படியெடுத்தல் எளிது. அவர் செய்தது அதுவன்று.

ஆயினும் ஒரு கவலை அவரை வாட்டியது. கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் பலர், வயிற்றின்பொருட்டுத் தூரிகையையே துறந்தனர். எனவே, 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் மாணவருடன் கூடிச் சோழமண்டலம் என்னும் கலைக்கிராமத்தை நிறுவினார். துணியில் மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் கைத்தொழில் அவர்களுக்குச் சோறளித்தது. எஞ்சிய பொழுதைத் தத்தம் கலைக்கு அளித்தனர். வீடுகளையும் காட்சிக் கூடத்தையும் அவர்களே எழுப்பிக்கொண்டனர்.

பணிக்கர் 1977இல் மறைந்தார். அக்கிராமம் இன்றும் உள்ளது.